குட்டைக்கால் வேட்டைக்காரி: தோட்டத்தில் ஒரு டாஷ் வளர்த்த அனுபவம்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊருக்குப் போனாலும் நீள உடம்பும் குட்டைக்காலுமான டாஷ் (டாக்ஸ்ஹண்ட்) நாய் கண்ணில் படாமல் இருக்காது. மொபட்டின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஊர் பார்த்துப் போகும். சின்ன வீட்டுக்கு அடங்கும், முடி பராமரிப்பு அதிகமில்லை, உருவத்துக்கு மீறிய குரல் இருப்பதால் காவலுக்கும் ஆகும் என்பதற்காக வாங்குகிறார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த நாய் எந்த வேலைக்காக உண்டானது என்று கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. அது தெரிந்தால்தான் அதன் குணம் புரியும், அதன் முதுகையும் காப்பாற்ற முடியும். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த முதுகுக்காகத்தான்.

எங்கள் தோட்டம் அரச்சலூர் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. மஞ்சளும் தென்னையும், கட்டுத்தரையில் சில காங்கேயம் மாடுகளும். காவலுக்கு எப்போதும் நாட்டு நாய்கள்தான் இருந்தன. மகள் ஆசைப்பட்டுக் கேட்டதில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு டாஷ் பெட்டைக்குட்டி வந்து சேர்ந்தது. மாமனார் பார்த்த மாத்திரத்தில் "செவலை" என்று கூப்பிட்டார். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று மாடுகளை நிறத்தால் கூப்பிட்டே பழகியவர். காங்கேயம் கன்றுகள் செவலையாகப் பிறந்து ஆறு மாசவாக்கில் வெளுத்துவிடும். இது வெளுக்கவில்லை, பேர் நிலைத்துவிட்டது.

"ஏனம்மிணி, தரையோட தரையா இருக்குது, இதைக் கொண்டாந்து தோட்டத்துல என்ன பண்றது?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலைச் செவலையின் உடம்பைப் பார்த்தே சொல்லலாம்.

டாஷ் ஜெர்மனியில் உருவான இனம். அங்கே பேட்ஜர் என்று ஒரு விலங்கு உண்டு. பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும், நிலத்துக்கடியில் நீளமான வங்கு தோண்டி வாழும், மடக்கினால் கடித்துக் குதறும். அந்த வங்குக்குள் இருட்டில் தனியாக இறங்கி அதை எதிர்த்து நிற்பதற்கென்றே வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய் இது. இனத்துக்கான இலக்கணத்தை 1879இல் எழுதினார்கள். 1888இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். உலக அளவிலான நாய்ச் சங்கக் கூட்டமைப்பு எல்லா இனங்களையும் பத்துக் குழுவாகப் பிரித்திருக்கிறது. நாலாவது குழுவில் டாஷைத் தவிர வேறு நாயே இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமாக வந்த வால்டியும் ஒரு டாஷ்தான். ஜெர்மன்காரர்களுக்கு இதன்மேல் அவ்வளவு பெருமை.

மாமனார் சந்தையில் மாட்டைப் பார்க்கிற அதே நிதானத்தோடு செவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்னங்கால் பாதம் பின்னங்காலைவிட அகலம். மண்ணை வாரிப் பின்னால் தள்ளுவதற்கு. நெஞ்சுக்கூடு நன்றாக இறங்கியிருக்கும். உள்ளே நுரையீரலுக்கு இடம் வேண்டும். தோலைப் பிடித்தால் கையோடு வரும். கல்லிலும் வேரிலும் உரசும்போது கிழியக்கூடாது. காது மடங்கித் தொங்குவதால் மண் உள்ளே போகாது. குரல் கனமாக இருப்பதும் இதனால்தான். மண்ணுக்கு அடியிலிருந்து குரைத்தால் மேலே நிற்கிற ஆளுக்குக் கேட்க வேண்டும், எந்த இடத்தில் தோண்டுவது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமனார், "அப்ப இது பெருக்கானுக்கு எமன்" என்றார்.

அப்படித்தான் ஆனது. தென்னைக்கு அடியில் பெருக்கான், அதாவது பெருச்சாளி, வங்கு வைத்தால் இளம் மரத்தின் வேரும் குருத்தும் போய்விடும். நாட்டு நாய்கள் வங்கின் வாயில் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். செவலை நகராது. தோள்வரை உள்ளே போய், வால் மட்டும் வெளியே தெரிய, பின்னங்காலுக்கு நடுவில் மண் பறக்கும். கூப்பிட்டால் காதில் விழாது. விழுந்தாலும் வராது.

இதைப் பிடிவாதம் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிலத்துக்கு அடியில் எஜமானைப் பார்த்து உத்தரவு வாங்க முடியாது. பின்வாங்குவதா, முன்னேறுவதா என்று நாயேதான் முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்த நாய்களையே பொறுக்கி இனவிருத்தி செய்திருக்கிறார்கள். ஆட்டு மந்தையை ஓட்டி மேய்க்கும் நாயும் லேப்ரடாரும் மனுஷன் முகத்தைப் பார்த்து வேலை செய்ய உண்டானவை. டாஷ் அப்படி இல்லை. அதை அடித்தால் பயந்து ஒதுங்கும், இல்லையென்றால் கடிக்கும். சொல் பேச்சுக் கேட்காது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே பாடத்தை நீட்டாமல், ஒவ்வொரு நல்ல நடத்தைக்கும் உடனே வேகவைத்த கோழித்துண்டு கொடுத்துப் பழக்கினால் அழகாகக் கற்றுக்கொள்ளும். செவலைக்கு முதலில் பழக்கியது "வா கண்ணு" என்றால் ஓடி வருவது. வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு நீளக் கயிற்றோடு வரப்பில், கடைசியில்தான் கயிறில்லாமல். ஒருநாளும் கூப்பிட்டு வரவழைத்துத் திட்டியதில்லை. வந்தால் நல்லதுதான் நடக்கும் என்று அதற்குத் தோன்ற வேண்டும்.

இந்த ஒரு பழக்கம் தோட்டத்தில் உயிர் காக்கும். வங்குக்குள் எப்போதும் எலி மட்டும் இருப்பதில்லை. கண்ணாடிவிரியனும் நாகமும் அதே வங்குகளில்தான் தங்கும். டாஷ் மூக்கைத்தான் முதலில் விடும். அதனால் வரப்புப் பக்கம் செவலை தனியாகப் போவதில்லை, இருட்டிய பிறகு போவதே இல்லை. பாம்பு கடித்தால் கீறவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம், பச்சிலை தேடியும் ஓட வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு ஊசி இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டு, இருக்கிற இடத்துக்கு நேராகப் போக வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த நம்பர்களை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பாம்பைவிட எனக்குப் பயம் எலி மருந்துதான். அக்கம்பக்கத்துக் காடுகளில் பொரியிலும் அரிசியிலும் கலந்து வைக்கும் கருப்புத் தூள், துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலத்தில் பட்டதும் விஷவாயுவாக மாறுகிறது. அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. கடையில் விற்கும் கட்டி வகைகளில் பல, ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற நாய் சில நாள் நன்றாகவே இருக்கும், பிறகுதான் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும். இதற்கு வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், நேரத்தோடு போனால். எந்த மருந்தானாலும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். மருந்து தின்று செத்த எலியைத் தின்னும் நாய்க்கும் ஆபத்துதான். பக்கத்துத் தோட்டத்தாரிடம், "மருந்து வெக்கறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லீருங்கண்ணா" என்று கேட்டு வைத்திருக்கிறோம். சொல்கிறார்கள். அன்றைக்குச் செவலை வாசலோடு சரி.

தோண்டுகிற ஆசையை நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். வேப்பமரத்தடியில் ஒரு வண்டி ஆற்றுமணல் கொட்டி, அதில் ஈரல் துண்டுகளைப் புதைத்து வைத்தோம். மஞ்சள் பாத்தியில் கால் வைத்தால் தூக்கிக் கொண்டுபோய் மணலில் விட்டோம். விதைக்கிழங்கு ஊன்றிய காலத்தில் மட்டும் பாத்தியைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டினோம். இப்போது காலையில் எழுந்ததும் மணலுக்குத்தான் போகிறது. டவுனில் இருப்பவர்கள் பழைய டப்பில் மண்ணை நிரப்பி மொட்டை மாடியில் வைத்தாலும் போதும். அதுவும் முடியாவிட்டால், கனமான துணிகளுக்குள் தீனியை ஒளித்து வைத்துத் தேட விடலாம். மூக்குக்கு வேலை கொடுத்த அன்றைக்கு டாஷ் குரைப்பது பாதியாகக் குறையும். குரைக்கிறது என்று புகார் வருகிற வீடுகளில் பெரும்பாலும் நாய்க்குச் செய்ய ஒன்றும் இருப்பதில்லை.

இனி முதுகு.

நாயின் முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் வட்டு உண்டு. நடுவில் குழகுழப்பு, சுற்றிலும் நார். மற்ற பல நாய்களுக்கு அந்தக் குழகுழப்பு வயசாகும்வரை இருக்கும். டாஷுக்கு ஒரு வயசு, இரண்டு வயசிலேயே, இளநுங்கு முற்றிக் கட்டியாவதைப் போல, அது இறுகிச் சுண்ணாம்பு படியத் தொடங்கிவிடும். அதன்பிறகு ஒரு குதியில், சில சமயம் குதி எதுவும் இல்லாமலே, வட்டு உடைந்து மேல்பக்கமாகத் தள்ளித் தண்டுவடத்தை அழுத்தும். முதுகு நீளமாக இருப்பதால் மட்டும் வருவது இல்லை இது. எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று காலைக் குட்டையாக்கியதை 2009இல் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவின் இன்னொரு கூடுதல் நகல்தான் வட்டை இப்படி ஆக்குகிறது என்று 2017இல் தெரிந்தது. டாஷ்களில் சுமார் நாலில் ஒன்றுக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொந்தரவு வருகிறது. மூன்று வயசிலிருந்து ஏழு வயசுக்குள் அதிகம்.

கொழுந்தனார் திருப்பூரில் இருக்கிறார். அவர்கள் வீட்டு பிளாக்கிக்கு அப்போது ஐந்து வயசு. மாடி வீடு, நாளெல்லாம் படி ஏறி இறங்கும், எடையும் கூடுதல். ஒருநாள் காலையில் முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் நின்றது. தூக்கப்போனால் கத்தியது. தீனியைத் தொடவில்லை. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியதில் வயிற்றுவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். முதுகுவலி வந்த டாஷ் வயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்கும். தொட்டால் வயிறு கல்லாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு வயிறு என்றே தோன்றும். சாயங்காலம் பின்னங்கால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது, பாதத்தை மடித்துப் புறங்காலால் தேய்த்து நடந்தது. கொழுந்தனார் போன் செய்தபோது நான் சொன்னது, "கண்ணு, இனி ஒரு அடி நடக்க உடாதீங்க. பலகையில படுக்க வெச்சு, துண்டால சுத்திக் கட்டி, இப்பவே கோயமுத்தூர் கூட்டீட்டுப் போங்க" என்று. யாரோ மனுஷங்க சாப்பிடும் வலி மாத்திரையில் கால்பாகம் கொடுக்கச் சொன்னார்களாம், அவர் கொடுக்கவில்லை. அந்த மாத்திரைகளே நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அங்கே டாக்டர் கொடுக்கப்போகும் மருந்தோடும் மோதும்.

கோவையில் டாக்டர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்த்தார். பிளாக்கி திரும்பிப் பார்த்துக் கத்தியது. அது நல்ல செய்தி என்றார். ஆழமான வலி தெரிகிறது என்றால் தண்டுவடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. காலே அசையாமல், அழுத்தியதும் தெரியாமல் போய்விட்டால் ஒரு நாளைக்குள், அதிகம் போனால் இரண்டு நாளைக்குள் அறுவை செய்தாக வேண்டும். தள்ளிப்போகப் போக வாய்ப்பு குறையும். பிளாக்கிக்கு மருந்தோடு கூண்டில் அடைப்பதே வைத்தியம். 6 வாரம். திரும்பிப் படுக்கும் அளவுக்கு இடமுள்ள, குதிக்க முடியாத கூண்டு. ஒன்றுக்கு ரெண்டுக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் விட்டு, இடுப்புக்கு அடியில் துண்டு கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒன்றுக்குப் போகாமல் வயிறு உப்பினால் அன்றைக்கே டாக்டரிடம்.

இதில் கஷ்டமானது மூன்றாவது வாரம். வலி குறைந்து நாய் உற்சாகமாகிவிடும், வெளியே விடச் சொல்லி அழும். வீட்டாருக்கு மனசு கேட்காது. அப்போது விட்டால் ஆறாத வட்டு மறுபடி தள்ளும், முன்னைவிட மோசமாக. கொழுந்தனார் வீட்டில் கூண்டை டிவி இருக்கும் கூடத்திலேயே வைத்து, ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, 6 வாரமும் தள்ளினார்கள். பிளாக்கி இன்றைக்கு நடக்கிறது. இடுப்பு கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

அந்த அலைச்சலைப் பார்த்தபிறகு எங்கள் வீட்டில் சில விஷயங்கள் மாறின. கட்டிலுக்கும் திண்ணைக்கும் பலகைச் சாய்வு வைத்து, வழுக்காமலிருக்க மேலே தென்னைநார் மிதியடி அடித்தோம். டைல்ஸ் தரையில் செவலை நடமாடும் வழியெல்லாம் சாக்கு விரிப்பு. வழுக்கும் தரையில் ஒவ்வொரு திருப்பமும் முதுகை முறுக்கும். கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு மார்பைச் சுற்றும் பட்டை மாட்டினோம், கழுத்திலும் வட்டு இருக்கிறதே. மொபட்டில் ஏற்றுவதில்லை. மொபட்டிலிருந்து நாய் குதிக்கும் உயரம் நமக்குச் சின்னது, அதற்குப் பெரியது. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. முன்னங்காலைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் குழந்தைகளிடம் உண்டு. வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இதற்காக நாயை நடக்கவிடாமல் வைப்பதும் தப்பு. முதுகைத் தாங்கும் தசை நடந்தால்தான் வளரும். தினம் இருவேளை சமதரையில் நல்ல நடை வேண்டும். சித்திரை, வைகாசியில் வயிறு தரையை ஒட்டியிருக்கும் நாய்க்கு மண்சூடு நேராக அடிக்கும், அதனால் காலை ஏழு மணிக்குள் ஒன்று, பொழுது இறங்கிய பிறகு ஒன்று.

எடை, முதுகில் பாதி விஷயம். பெரிய வகை டாஷ் 7 கிலோவிலிருந்து 14 கிலோவரை இருக்கும், சின்ன வகை 5 கிலோவுக்குள். நம் ஊரில் கிடைப்பவை பலதும் இரண்டுக்கும் நடுவில். அதனால் எண்ணைப் பார்ப்பதைவிட விலாவைத் தடவிப் பாருங்கள். லேசாகத் தொட்டாலே விலா எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். அத்தைக்குப் பசிக்கிற முகத்தைக் கண்டால் தாங்காது, டாஷுக்கு எப்போதும் அதே முகம்தான். பால்சோறும் தயிர்சோறும் மட்டும் தின்று உப்பிப்போன டாஷ்களை எங்கள் சுற்றத்தில் நிறையப் பார்க்கிறேன். செவலைக்கு இரண்டு வேளை: வேகவைத்த கோழி, கொஞ்சம் சோறு, பூசணி அல்லது கேரட், வாரத்தில் சில நாள் முட்டை. இடையில் கேட்டால் வெள்ளரிக்காய்த் துண்டு. அதைக் கொடுக்கும் வேலையை அத்தையிடமே விட்டிருக்கிறோம். சாம்பார்ச்சோறு கூடாது; நம் சாம்பாரில் சின்ன வெங்காயம் கைநிறைய இருக்கும், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் சிறுநீரகத்துக்கு ஆகாது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

வாங்குகிறவர்களுக்கு. தாயைக் காட்டாமல் குட்டி மட்டும் காட்டினால் வாங்காதீர்கள். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். இரண்டில் ஒன்றுக்காவது முதுகுவலியோ பின்னங்கால் விழுந்ததோ உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். புள்ளிபோட்ட டாஷ் வேண்டும் என்று தேடுகிறவர்கள், தாயும் தகப்பனும் இரண்டுமே புள்ளியாக இருந்தால் விலகிவிடுங்கள். அந்த ஈற்றில் கண்ணோ காதோ இல்லாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. "மினி", "டீகப்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், எட்டு வாரத்துக்கு முன்னால் தாயைப் பிரித்த குட்டியா என்று பாருங்கள்.

பெட்டைக்குட்டிக்குக் கருத்தடை எப்போது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஒரு வயசுக்கு முன்னால் செய்த டாஷ்களுக்கு வட்டுத் தொந்தரவு கூடுதலாக வந்ததை 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. எங்கள் டாக்டரும் வளர்ச்சி முடியட்டும் என்றார், செவலைக்கு அப்படியே செய்தோம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனை நாய்களையும் பார்க்கிறது, பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி வீட்டுக்கு வந்ததும் குடற்புழு மருந்து, 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் என்கிற வைரஸ் நோய்களுக்கு முதல் ஊசி, 3 மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தொடர் ஊசிகள். கீரியையும் தெருநாயையும் தினம் சந்திக்கும் தோட்டத்து நாய்க்கு வெறிநோய் ஊசி ஒரு வருஷம்கூடத் தவறக்கூடாது. உண்ணிக்கு வாரம் ஒருமுறை காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். மடங்கிய காது என்பதால் உள்ளே ஒளிந்துகொண்டால் தெரியாது. நகத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.